தூண்கள் ஆடும் காலணிகள்

ஜூன் 5, திங்கள்

மெஷின் நாள். குளிர்காலம் வந்துவிட்டது. காலையில் கார் கண்ணாடியில் பனி உறைந்து கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிச் சுரண்டினேன். குவோர்னிலிருந்து போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரி வரை என் புருஷன் மெர்வ் வாயை மூடவில்லை. "ரே, கொஞ்சம் இடது பக்கம் வா." "ரே, வளைவு வருது." "ரே, லாரி."

கணவாய்ப் பாதையில் வளைவு வரும் என்று எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் நான். ஒரு கீறல் கிடையாது. ஆயுள் முழுக்க ரயில் பாதை போட்டவன் எனக்கு ரோடு சொல்லித் தருகிறான். சிறுநீரகம் இரண்டும் வேலை நிறுத்தம் செய்ததிலிருந்து வாய் மட்டும் ஓவர்டைம் பார்க்கிறது.

அவனை டயாலிசிஸ் மெஷினில் மாட்டினால் ஐந்து மணி நேரம் ஆகும். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழைய ரம்பத் தகடுகளில் பூ வரைவேன். இன்று நர்ஸ் ஜோவலின் ஒரு ஜோடி புது வெள்ளைக் கான்வாஸ் ஷூவை என் மடியில் போட்டாள். பிலிப்பைன்ஸ்காரி, சிரித்துக்கொண்டே ஊசி குத்துவாள்.

"ரம்பத்துல வரையறத யார் பார்க்கப் போறா ரேலீன்? இதுல வரைஞ்சு தாங்க. வான்கோ இருக்கார்ல, அவர் மாதிரி. ராத்திரி, நட்சத்திரம், சுழல் சுழலா."

"நீ நடந்தா நட்சத்திரம் கொட்டிடப் போகுது."

"கொட்டினா மெர்வ் பொறுக்குவார்."

மெர்வ் கண்ணைத் திறக்காமலே, "எனக்குக் குனிய முடியாது" என்றான்.

ஜூன் 9, வெள்ளி

நூலகப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடித்தேன். சுமாராக வந்திருக்கிறது. அந்த மனுஷன் உயிரோடிருந்தபோது படம் விற்றதே அபூர்வமாம். செத்த பிறகு காலண்டர், குடை, தலையணை உறை. இப்போது போர்ட் அகஸ்டாவில் செருப்பு. ஜோவலினுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

ஜூன் 19, திங்கள்

வார்டு கிளார்க்குக்கும் ஷூ வேண்டுமாம். ஆனால் அவளுக்கு எங்கள் ஊர் ரயில் நிலையம் வேண்டும், "அதே வான்கோ மாதிரி".

எனக்கு அந்த ஆள் மாதிரியெல்லாம் சொந்தமாகச் சுழற்றத் தெரியாது. ரயில் நிலையத்தை உள்ளது உள்ளபடி, ஞாபகத்திலிருந்து வரைந்தேன். வராந்தாத் தூண்கள் முதலில் சரியாக வரவில்லை. கோணலாகவே தெரிந்தன. மூன்று தடவை திருத்தி நேராக்கினேன். கட்டடம் நன்றாக வந்திருக்கிறது, வான்கோதான் வரவில்லை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஜோவலின் வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஐயோ! தூணெல்லாம் ஆடுது!"

"எங்க ஆடுது?"

"தன்னடக்கத்தப் பாரு!" என்று தோளைத் தட்டினாள். வார்டே கூடிவிட்டது. தூண்கள் மூச்சு விடுகின்றனவாம்.

நான் சிரித்து வைத்தேன். இவர்களுக்கு ஓவியம் பற்றி என்ன தெரியும்?

ஜூன் 26, திங்கள்

ஆறு ஜோடி ஆகிவிட்டது. கோதுமைக் கிடங்கு, கணவாய்ப் பாலம், தண்டவாளம். எல்லாவற்றையும் நேராகத்தான் வரைகிறேன். எல்லோரும் வளைகிறது என்கிறார்கள். ஒருவேளை இதற்குப் பெயர்தான் திறமையோ? செய்பவருக்குத் தெரியாமலே கை செய்துவிடுமாமே.

தண்டவாளம் வரைந்த ஷூவை மெர்வ் வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாராட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். "பெயிண்ட் காஞ்சிடுச்சா?" என்று கேட்டான். நாற்பத்து நாலு வருடக் கல்யாணம்.

ஜூலை 3, திங்கள்

எங்கள் வாசல் விளக்குக் கம்பம் இடுப்பு ஒடிந்து நிற்கிறது. எவனோ வண்டியால் இடித்திருக்கிறான். மெர்வைக் கூப்பிட்டுக் காட்டினேன். கம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆமா, லேசா சாஞ்சிருக்கு" என்றான்.

ஜூலை 7, வெள்ளி

பக்கத்து மெஷின் நோயாளியின் மருமகள் ஃபிலிப்பா என்று ஒருத்தி அடிலெய்டிலிருந்து வந்திருந்தாள். அங்கே கலைப்பொருள் கடை வைத்திருக்கிறாள். ஜோவலின் காலைப் பார்த்தாள், வார்டு கிளார்க் காலைப் பார்த்தாள், கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள்.

"இது காப்பி இல்ல ரேலீன். வான்கோன்னா எல்லாரும் சுழல் சுழலா சுத்தி விடுவாங்க. நீங்க சுத்தவே இல்ல. ஒரே ஒரு நெளிவு, அவ்வளவுதான். இது டெக்னிக் இல்ல, இது பார்வை!"

நவம்பரில் அவள் கடையில் கண்காட்சி. இருபது ஜோடி வேண்டும். என் பெயரில். அறுபத்தேழு வயதில்!

திரும்பி வரும்போது மெர்வ் வழக்கம்போல, "இடது பக்கம், ரே, இடது பக்கம்." எரிச்சலில் சொல்லிவிட்டேன்: "என் பார்வைய அடிலெய்டுல புகழறாங்க. நீ வாய மூடிட்டு வா."

மூடவில்லை.

ஜூலை 12, புதன்

புதுக் கண்ணாடி போட வேண்டும். செய்தித்தாளில் எழுத்துகளுக்கு நடுவே யாரோ விரல் வைத்து அழுத்தியதுபோல் இருக்கிறது. கண்காட்சி முடியட்டும்.

ஜூலை 19, புதன்

எழுதியே ஆக வேண்டும்.

இன்று டீ அறையில் போட்டோ எடுக்கலாம் என்று ஜோவலின் எல்லோருடைய ஷூக்களையும் கழற்றச் சொல்லி வரிசையாக வைத்தாள். போனைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ரேலீன், நெளிவு எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. ஒரே அளவு. ஒரே பக்கம்."

"அதுதான் என் பாணியாம்."

அவள் சிரிக்கவில்லை. போய் ஒரு தாள் கொண்டுவந்தாள். கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. "இடது கண்ண மூடுங்க. புள்ளியப் பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா?"

எனக்கு இடது கண் பிறவியிலேயே சோம்பேறி. அதை மூடினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். வலது கண்ணால் பார்த்தேன். ஓரத்துக் கோடுகள் நேராக இருந்தன. நடுவில் — வலையில் யாரோ கல்லைப் போட்டதுபோல எல்லாம் உள்வாங்கிப் போய் — புள்ளியையே காணோம்.

"இந்தத் தாள் மோசமா பிரிண்ட் ஆயிருக்கு" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். சத்தியமா.

ஜோவலின் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

அவளே ஷிப்ட் முடித்து எங்கள் காரை ஓட்டிக்கொண்டு வந்து விட்டாள். பின்னாலேயே அவள் புருஷன் வந்து அவளைக் கூட்டிப்போனான். வழி முழுக்க மெர்வ் இடது பக்கம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "உனக்கு எப்ப தெரியும்?"

தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "தண்டவாளம் வரைஞ்சியே. ரெண்டு கம்பியும் ஒரே இடத்துல நெளிஞ்சிருந்துச்சு. நாப்பது வருஷம் கம்பி பார்த்தவன் நான். ஆனா சந்தேகம் அதுக்கு முன்னாடியே. ஈஸ்டர் சமயத்துல நீ ரோட்டு நடுக்கோட்ட மிதிச்சு ஓட்ட ஆரம்பிச்ச."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ வண்டிய விட்டுடுவ. நீ விட்டா என்ன யாரு கூட்டிட்டுப் போறது? நான் மெஷின விடணும். பயமா இருந்துச்சு ரே. அதான் நீ கையால ஓட்டின, நான் வாயால ஓட்டினேன்."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, அறையவும் தோன்றியது. "எதிர்ல ஸ்கூல் பஸ் வந்திருந்தா?" என்றேன்.

அதை அவன் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டான். யோசித்துக்கொண்டேதான் வாரத்துக்கு மூன்று முறை என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் மட்டும் யோக்கியமா? கம்பம் ஒடிந்திருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேனே, இந்த நோட்டிலேயே. எந்தக் கம்பமாவது இடுப்பில் ஒடியுமா? எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் தெரியாத மாதிரி இருந்தேன்.

ஜூலை 21, வெள்ளி

லிண்ட்சே வந்து கூட்டிப்போனான். ஊரில் தன்னார்வமாக வண்டி ஓட்டுகிறவன் அவன் ஒருவன்தான். ஓய்வு பெறும்வரை சவ வண்டி ஓட்டினான். பழக்கம் விடவில்லை: நாற்பதுக்கு மேல் போவதில்லை, எங்களுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது.

மெர்வ்: "லிண்ட்சே, நாங்க ரெண்டு பேரும் இன்னும் சாகல."

லிண்ட்சே: "அவசரம் இல்ல மெர்வ்."

ஆகஸ்ட் 3, வியாழன்

அடிலெய்டு. பேருந்தில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். விழித்திரைக்குக் கீழே ரத்தம் கசிகிறதாம். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் தழும்பாகியிருக்குமாம். மருத்துவர் என் பேத்தி வயசு, பெயர் டாக்டர் க்வோக். "உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்" என்றாள். அதிர்ஷ்டசாலியின் கண்ணுக்குள் ஊசி இறங்கியது. மரத்துப்போக மருந்து விட்டார்கள், வலி இல்லை. ஆனால் ஊசி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எங்கே பார்ப்பது?

நாலு வாரத்துக்கு ஒன்று. அவள் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

புள்ளி தெரிகிறது! கட்டத்தாளில் பள்ளம் குறைந்துவிட்டது. விளக்குக் கம்பத்துக்கும் குணமாகிக்கொண்டு வருகிறது.

முடித்து வைத்திருந்த பதினாலு ஜோடிகளையும் வெயிலில் எடுத்துப் பார்த்தேன். கடவுளே. குடிகாரன் கட்டிய ஊர் மாதிரி இருக்கிறது. இதையா நான் நேராக்கி நேராக்கி வரைந்தேன்?

ஆனால் அழகாகத்தான் இருக்கிறது. ஜோவலின் பொய் சொல்லவில்லை. தூண்கள் மூச்சு விடுகின்றன.

ஆகஸ்ட் 28, திங்கள்

பதினைந்தாவது ஜோடியின் போட்டோவை ஃபிலிப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ரேலீன், உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"நல்லா இருக்கேனே."

"இல்ல... இதுல உயிர் இல்லையே. ரொம்ப நேரா இருக்கு. காலண்டர் மாதிரி. பழைய ரேலீன் எங்க போனாங்க?"

கண் விஷயத்தை நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே வளைத்துப் பார்த்தேன். தூண்கள் நூடுல்ஸ் மாதிரி வந்தன. வான்கோ புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வளைத்தேன். சுருட்டை முடி மாதிரி வந்தது. மெர்வ் எட்டிப் பார்த்து, "யாருக்கு விக் செய்யற?" என்றான்.

ஆகஸ்ட் 30, புதன்

நாளை ஊசி. கிளினிக்குக்குப் போன் செய்து, வண்டி கிடைக்கவில்லை, வர முடியாது என்று சொல்லிவிட்டேன். மெர்விடம் அவர்களே தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றேன்.

அந்த நேரான ஜோடியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஆறு ஜோடிதான் பாக்கி. மூன்று வாரம் போதும். மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடும்?

செப்டம்பர் 6, புதன்

பள்ளம் திரும்பி வந்துவிட்டது. லேசாகத்தான். இன்று ஒரு ஜோடி முடித்தேன்: பழைய மாவு மில், பின்னால் குன்று. எனக்கு நேராகத் தெரிகிறது என்றால் நிச்சயம் வளைந்திருக்கும். போட்டோ அனுப்பினேன். "வந்துட்டாங்க ரேலீன்!" என்று ஃபிலிப்பா பதில் அனுப்பினாள்.

சந்தோஷப்பட்டேன். வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

லிண்ட்சே எட்டு மணிக்கு வந்து ஹார்ன் அடித்தான். மெர்வ் சமையலறை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மெர்வ், நேரமாச்சு."

"நேத்து கிளினிக்லேருந்து போன் வந்துச்சு. நீ கோழிக் கூண்டுல இருந்த. 'உங்க மனைவி எப்ப மறுபடி வர்றாங்க'ன்னு கேட்டாங்க."

எனக்கு முகம் எரிந்தது. "மூணு வாரம்தான். இருபது ஜோடியும் முடிஞ்சதும் —"

"சரி. அப்ப நானும் மூணு வாரம் கழிச்சு மெஷினுக்குப் போறேன்."

"விளையாடாத."

"யாரு விளையாடறது? நீ ஊசிக்குப் போற அன்னைக்குத்தான் நான் மெஷினுக்கு."

"நீ மூணு வாரம் தாங்க மாட்டடா கிழவா!"

"உன் கண்ணும்தான் தாங்காது."

கத்தினேன். அவனைப் பிடித்து இழுத்தேன். புதன்கிழமை மெஷினுக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த தண்ணீர். அவன் கணுக்கால்கள் ஏற்கெனவே வீங்கியிருந்தன. உட்கார்ந்தே இருந்தான். லிண்ட்சே உள்ளே வந்து, எங்கள் இருவரையும் பார்த்து, ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். "நான் எத்தனையோ குடும்பச் சண்டை பார்த்திருக்கேன். ஆனா எப்பவும் ஆள் போனப்புறம்தான் ஆரம்பிப்பாங்க" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உனக்கு என்னடா தெரியும்? வாழ்நாள்ல ஒரே ஒரு தடவ என்ன ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாராட்டினா. நேரா வரைஞ்சா எவளும் திரும்பிப் பார்க்க மாட்டா. எனக்கு அது வேணும். இருபது ஜோடி. அவ்வளவுதானே கேட்டேன்!"

மெர்வ் என் பக்கம் திரும்பி, "எனக்கும் நீ ஓட்டணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. அதுக்காக நான் பண்ணினது சரின்னு சொல்ல மாட்டேன். இப்ப நீ அதையே பண்ணற" என்றான்.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னான். செவ்வாய்க்கிழமை காலி இருந்தது. எழுதிக்கொண்டேன். அவன் அந்தத் தாளை வாங்கிப் படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

மூன்று மணி நேரம் தாமதம். ஜோவலின் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஊசியை எடுத்தாள். இன்று அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

இரண்டாம் ஊசி. டாக்டர் க்வோக், "வண்டி கிடைக்கலையாமே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் திரையில் எதையோ வெகுநேரம் பார்த்தாள். "தப்பிச்சிட்டீங்க. இன்னொரு தடவ வண்டி கிடைக்காம போகக் கூடாது."

ஃபிலிப்பாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"ரேலீன்," என்றாள் மெதுவாக, "இத நான் கண்காட்சிக் கார்டுல போட்டுக்கலாமா?"

அக்டோபர் 27, வெள்ளி

இருபதாவது ஜோடி முடிந்தது. பதினைந்து வளைந்தவை, ஐந்து நேரானவை. நேரானவற்றை வரைவது கஷ்டம். தப்பு செய்தால் எனக்கே தெரிகிறது.

நவம்பர் 18, சனி

கண்காட்சி. மெர்வ் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் டம்ளரில் ஐஸ் கட்டி மட்டும். ஒரு நாளைக்கு அவனுக்கு அளந்த தண்ணீர்தான். மற்றவர்கள் ஒயின் குடித்தார்கள்.

வளைந்த பதினைந்தும் நடு மேஜையில், விளக்குக்குக் கீழே. கார்டில் பெரிய எழுத்தில்: "பார்வை மங்கிய மாதங்கள்". நேரான ஐந்தும் கதவுக்குப் பக்கத்தில், கோட்டு மாட்டும் இடத்துக்குக் கீழே. கார்டு இல்லை.

வளைந்தவை எல்லாம் அரை மணி நேரத்தில் போய்விட்டன. ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வலி எனக்குப் புரியுது" என்றாள். வலிக்கவே இல்லையே அம்மா, விளக்குக் கம்பத்தைத்தானே திட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணில் நீர். சரி, வலித்தது என்று வைத்துக்கொள்ளட்டும்.

நேரானவற்றில் ஒரே ஒரு ஜோடி போயிற்று. வாங்கியவரிடம் ஆசையாகப் போய், என்ன பிடித்தது என்று கேட்டேன்.

"என் சைஸு" என்றார்.

ஜனவரி 16, செவ்வாய்

பகலில் ஓட்டலாம் என்று டாக்டர் க்வோக் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஊசி இனி எட்டு வாரத்துக்கு ஒன்று. லிண்ட்சேவுக்கு வருத்தம். அவனுக்கு ஒரு முழு கேக் செய்து கொடுத்தேன்.

பிப்ரவரி 5, திங்கள்

மிச்சமிருந்த நேரான நான்கு ஜோடியையும் ஜோவலின் வாங்கிக்கொண்டாள், மணிலாவில் இருக்கும் தங்கைகளுக்காம். அவர்களுடைய சைஸ் என்ன என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

அடிலெய்டில் ஊசிக்கு அரை மணி நேரம் இருந்தது. ஃபிலிப்பாவின் கடைப் பக்கம் நடந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வரிசை ஷூ. எங்கள் ஊர் ரயில் நிலையம், எங்கள் மாவு மில், எங்கள் கோதுமைக் கிடங்கு. நான் ஒன்றும் அனுப்பவில்லையே!

உள்ளே போனேன். ஃபிலிப்பா இல்லை. கடையில் நின்ற பெண்ணுக்கு என்னைத் தெரியவில்லை. கார்டைப் படித்தேன்: "ரேலீன் பாணி".

ஒன்றைக் கையில் எடுத்தேன். தூண், கூரை, மேகம், நாய், எல்லாம் நெளிகிறது. ஷூ நாடாவுக்குக்கூட ஒரு சுழல் போட்டிருக்கிறார்கள். என்னுடையது அப்படி இல்லை. நான் எதை நேருக்கு நேர் பார்த்தேனோ அது மட்டும்தான் வளைந்தது. ஓரத்தில் இருந்ததெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"இது அந்த அம்மா வரைஞ்சதா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. அவங்க பாணியில எங்க ஆளுங்க வரையறாங்க. நல்லா போகுது."

"ஏன், அவங்க வரையறதில்லையா?"

அந்தப் பெண் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அத ஏங்க கேக்கறீங்க, பாவம். அவங்களுக்குக் கண்ணு சரியாயிடுச்சு."

"ஐயோ பாவமே" என்றேன்.

ஷூவை இருந்த இடத்தில் நேராக வைத்துவிட்டு வெளியே வந்தேன். தெருக்கோடியில் ஒரு பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலிருந்தே அதன் எண்ணைப் படித்தேன். என்னுடையது இல்லை. நடந்தே ஊசிக்குப் போனேன்.